கியர் குமிழில் குங்குமம்

எங்கள் காருக்கு இரண்டே இருக்கைகள். இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். மேலே கூரை கிடையாது, மழை வந்தால் இழுத்து மாட்டிக்கொள்ள ஒரு துணி மட்டும் உண்டு. பாண்டிச்சேரியைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து கல்யாணத்துக்கு முன்பே என் கணவர் வாங்கியிருந்தார். தரையோடு தரையாகக் கிடக்கும் வண்டி அது. ஏறுவதென்றால் பாயில் உட்காருவதுபோல உட்கார வேண்டும். என்னைப் பெண் பார்க்க வந்ததும் அதில்தான். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய காரை வைத்திருக்கிற மனிதர் குடும்பம் நடத்துகிற ஆளா என்று எனக்கு அன்றைக்கே சந்தேகம்.

சந்தேகப்படுவது என் தொழில் என்றே சொல்லலாம். விழுப்புரத்தில் பள்ளிக்கூட டீச்சராக இருந்தவள் நான். பொதுத்தேர்வு அறைகளில் நின்று நின்று பிட்டு பிடித்துப் பழகிய கண். ஒரு பெண் வலது கையால் முடியை ஒதுக்கினால் நான் இடது கையைத்தான் பார்ப்பேன். ரிடையர் ஆன பிறகு அந்தக் கண்ணுக்கு வீட்டில் அகப்பட்டவர் இவர் ஒருவர்தான். இவருக்குச் சர்க்கரை வேறு. சட்டைப் பையில் லட்டுத் துகள் இருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் ஒரு சட்டையையும் துவைக்கப் போட்டதில்லை.

இந்த ஜில்லாவிலேயே இப்படி ஒரு கார் வேறு இல்லை என்று அவர் எல்லோரிடமும் பெருமை பேசுவார். வேறு இல்லையென்றால் அதற்கு உதிரிபாகமும் இல்லை என்பதைச் சொல்ல மாட்டார். லண்டனில் இருக்கும் என் தம்பி மகன் ஊருக்கு வந்தால் மற்றவர்களுக்கு சாக்லேட், எங்களுக்கு கேஸ்கட். எங்கள் பிள்ளைகள் இருவரும் முறை வைத்துக்கொண்டு என் மடியில் உட்கார்ந்து அதில் வந்தார்கள். மடி கொள்ளாத வயது வந்ததும் நானும் அதில் ஏறுவதை விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அது அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் கார் ஆகிவிட்டது.

வீட்டில் நிறுத்த இடமில்லாததால், இரண்டு தெரு தள்ளி மூடிக் கிடக்கும் ஒரு ரைஸ்மில் ஷெட்டில் நிற்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் போய்த் துடைத்து, ஸ்டியரிங்குக்குச் சந்தனமும் கியர் குமிழுக்குக் குங்குமமும் வைத்துவிட்டு வருவேன். ஞாயிறு காலை அவர் வண்டியை எடுத்துக்கொண்டு, எங்கள் வாசலில் ஒரு ஹாரன் அடித்துவிட்டு, திண்டிவனம் வரை போய், பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் டிபன் சாப்பிட்டுத் திரும்புவார். வரும்போது இடது உள்ளங்கை சிவந்திருக்கும். அதை வெள்ளை வேட்டியில் துடைப்பார். நான் கத்துவேன். வருஷக்கணக்காக எங்கள் ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் நடந்தது.

போன வருஷம் ஒரு ஞாயிறு அவர் வந்து கை கழுவாமல் நேராக நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளங்கை சுத்தமாக இருந்தது. வேட்டியும் சுத்தம். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. மறுநாள் ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தேன். நான் வைத்த குங்குமம் குமிழில் இல்லை. அவர் கையிலும் இல்லை, குமிழிலும் இல்லையென்றால் அது எங்கே போயிற்று?

கியர் குமிழ் இரண்டு இருக்கைக்கும் நடுவில் இருக்கிறது. இடது பக்கம் உட்காருகிறவள் கையை நீட்டினால் எட்டும். கோயில் தூணில் யாரோ கொட்டிவிட்டுப் போன குங்குமத்தைக்கூட விடாமல் எடுத்து வைத்துக்கொள்கிற பெண்கள் நாங்கள். கண்ணெதிரே இருக்கும் குங்குமத்தை எவள் சும்மா விடுவாள்? நானாக இருந்தாலும் எடுத்திருப்பேன். ஆக, வெள்ளிக்கிழமை தவறாமல் நான் என் கையால் வைக்கிற குங்குமம் எவளோ ஒருத்தியின் வகிட்டுக்குப் போகிறது என்று முடிவு கட்டினேன்.

அதன் பிறகு பார்த்ததெல்லாம் அதற்கே சாட்சியாக வந்து நின்றது. வாசலில் ஹாரன் சத்தம் நின்றுபோயிருந்தது. கேட்டால், "ஷெட்டுலருந்து வர்ற தெருவுல பள்ளம் தோண்டிப் பேஜாரு பண்றாங்க, சுத்திக்கினு போறேன்" என்றார். நான் போய்ப் பார்த்தேன், அந்தத் தெருவில் பள்ளம் எதுவும் இல்லை. காரில் ஓட்டுகிற இருக்கை கடைசிவரை பின்னால் தள்ளிக் கிடந்தது. இவரோ குள்ளம், அவ்வளவு பின்னால் உட்கார்ந்தால் பெடல் எட்டாது. வண்டியை நிறுத்திவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்து கதை பேசத்தான் தள்ளியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் ஒற்றைக் காலில் செருப்போடு வீட்டுக்குள் வந்தார்.

"இன்னொரு செருப்பு எங்கங்க?"

அவர் குனிந்து தன் காலையே பார்த்தார். "எங்கியோ விட்டுட்டேம்மா" என்றார்.

எந்த வீட்டு வாசலில் விட்டீர்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டேன். பிட்டு அடிக்கிறவர்களைக் கையும் களவுமாகத்தான் பிடிக்க வேண்டும். பாதியில் கேட்டால் விழுங்கிவிடுவார்கள்.

அடுத்த ஞாயிறு அவர் ஷெட்டுக்குக் கிளம்பிய கையோடு நானும் கிளம்பினேன். திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக இடம் பிடித்தேன். வழியெல்லாம் அந்தப் பெண்ணின் முகத்தைக் கற்பனை செய்துகொண்டு வந்தேன். சிவப்பாக இருப்பாளா, என்னைவிட எவ்வளவு சின்னவள், நான் கேட்டால் என்ன பதில் சொல்வாள் என்று யோசித்தேன். அவள் கொண்டையைப் பிடிக்கப்போவது எந்தக் கை என்றுகூடத் தீர்மானம் செய்துவிட்டேன்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டியதும் எங்கள் கார் பஸ்ஸுக்கு வலப்பக்கமாக முந்திக்கொண்டு போனது. கூரையில்லாத கார் என்பதால் மேலிருந்து உள்ளே எல்லாம் தெரிந்தது. முதலில் இடப்பக்க இருக்கையைத்தான் பார்த்தேன். அங்கே என் கணவர் உட்கார்ந்திருந்தார். கைகளை மடியில் கோத்துக்கொண்டு, காற்றுக்கு முகத்தைக் காட்டி, கண்ணை மூடியிருந்தார். வண்டியை ஓட்டிக்கொண்டு போனது யாரோ ஒரு நெட்டையான ஆள். கார் போய்விட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நிம்மதியும் வரவில்லை, கோபமும் இறங்கவில்லை.

திண்டிவனத்தில் இறங்கி நேராக அந்த டிபன் கடைக்கு நடந்தேன். கார் எதிரே ஓரமாக நின்றது. இடப்பக்கக் கதவைத் திறந்து, கால் இரண்டையும் நடைபாதைப் பக்கம் நீட்டி அவர் உட்கார்ந்திருந்தார். நெட்டை ஆள் பக்கத்தில் நின்றிருந்தார்.

"நீ எங்கம்மா இங்க?" என்றார் என் கணவர். முகம் வெளுத்துவிட்டது.

"அத நான் கேக்கணும். இவரு யாரு? எத்தினி நாளா நடந்துக்கினு இருக்குது இது?"

"டீச்சரம்மா, நான் கவர்மெண்ட் பஸ் ஓட்டிக்கினு இருந்து ரிடையர் ஆனவங்க. சாருதான் கூப்ட்டாரு, ஞாயித்துக்கெழமைல வந்து ஓட்டறேன்" என்றார் அந்த ஆள். எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்துவிட்டு, டீ சொல்லிவிட்டு வருவதாக நழுவினார். அவர் உள்ளங்கையில் குங்குமம் அப்பியிருந்தது.

என் கணவர் தெருவைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ரெண்டு காலும் மரத்துப் போச்சிம்மா. விக்கிரவாண்டிகிட்ட சர்வீஸ் ரோட்ல போய்க்கினு இருந்தேன். எதுக்க ஆடு. பிரேக்க அமுக்கறேன்னு நெனச்சிக்கினு ஆக்சிலேட்டர அமுக்கிக்கினு இருந்திருக்கேன். வண்டி மல்லாட்டக் கொல்லைக்குள்ள போயி கடலச் செடிங்க மேல நின்னுது. நல்லவேளை, ஆளு யாரும் இல்ல. அன்னியோட ஸ்டியரிங்க விட்டுட்டேன்."

"அந்தச் செருப்பு?"

"எங்க கழண்டுதுன்னு எனக்கே தெரியாது. நீ கேட்ட பிறகுதான் கால பாத்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா கார வித்துடுன்னு சொல்லுவ."

சொல்லித்தான் இருப்பேன். அன்றைக்குச் சாயங்காலமே ஆள் தேடியிருப்பேன். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த இருக்கையில் ஒருத்தி இருந்திருந்தால் கொண்டையைப் பிடித்து இழுத்துப் போட்டிருப்பேன், தெருவே கூடியிருக்கும், எனக்கும் மனம் ஆறியிருக்கும். இப்போது யார் கொண்டையைப் பிடிப்பது?

ஆனாலும் என் புத்தி என்னை விடவில்லை. மாட்டிக்கொண்டதும் மயக்கம் போட்டு விழுகிற பிள்ளைகளை எத்தனையோ பார்த்தவள் நான். இத்தனை நாள் ஒரே வீட்டில், என் கண்ணெதிரே, ஒரு மனிதரின் கால் செத்துப்போய் எனக்குத் தெரியாமலா இருக்கும்? கார் ஓட்டச் சலித்துப்போய் ஆளை வைத்துக்கொண்டு, அதை மறைக்க இவர் கதை கட்டுகிறாரோ? கதையாகவே இருந்துவிடக் கூடாதா என்றும் இருந்தது.

"கண்ண மூடுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"மூடுங்க. கால்ல எங்க தொடறேன்னு சொல்லுங்க பாப்போம்."

மூடிக்கொண்டார். நான் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி அவர் வலது பாதத்தை எடுத்து என் மடியில் வைத்தேன். லேசாகச் சுளுக்கினாலே ஊரைக் கூட்டுகிற மனிதர் இவர். கட்டைவிரல் நகத்தை உள்ளங்காலின் நடுவில் வைத்து அழுத்தினேன். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளின் ஆத்திரத்தையும் சேர்த்து அழுத்தினேன். நகம் பதிந்து, தோல் வெளுத்து, பிறகு பிறைபோலச் சிவந்தது. எடுக்காமல் இன்னும் அழுத்தினேன்.

அவர் கண்ணை இறுக மூடியபடி பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"ஜல்தியா தொடும்மா. கடையில எல்லாரும் பாத்துக்கினு இருக்காங்க."