லமினேற் செய்த பிறப்புச் சான்றிதழ்

அக்காவின் பிறப்புச் சான்றிதழைப் பாரிஸ் நகரசபை திருப்பி அனுப்பியதற்கு ஒரே காரணம், அம்மா அதை லமினேற் செய்து வைத்திருந்ததுதான். பிளாஸ்டிக் ஒட்டியதை ஏற்கமாட்டார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் ஒழுங்கான மூலப் பத்திரம் போகாவிட்டால் கலியாணப் பதிவுக்குக் கிடைத்த நாள் கைவிட்டுப் போகும். மாப்பிள்ளை பாரிஸில். நாங்கள் ஒஸ்லோவில், ரொம்சோஸ் பகுதியில். அக்கா பிறந்ததோ ஒரு கரீபியன் தீவில். அப்பா அங்கே சில வருடம் கணிதம் படிப்பித்தவர்.

பொது நிர்வாகம் படிக்கிறேன் என்ற மிதப்பில் நானே பொறுப்பெடுத்தேன். இங்கே திரையில் நாலு இடத்தில் தட்டினால் பத்திரம் வந்து விழும். அந்தப் பழக்கத்தில் தீவின் பதிவு அலுவலகத்துக்கு மூன்று மின்னஞ்சல் போட்டேன். பதிலில்லை. செவ்வாய் மத்தியானம், அங்கே கதவு திறக்கும் நேரம் பார்த்து, ஸ்பீக்கரைப் போட்டு அழைத்தேன். அம்மாவும் அக்காவும் இரண்டு பக்கமும் இருந்தார்கள்.

எடுத்த பெண்ணிடம் பதிவு இலக்கத்தை மளமளவென்று ஒப்பித்தேன். அவர் நிதானமாக, "காலை வணக்கம்," என்றார். எனக்குக் காது சுட்டது. நானும் வணக்கம் சொன்ன பிறகுதான் இலக்கத்தைத் திரும்பக் கேட்டார்.

"நல்ல வடிவா வளத்திருக்கிறன்," என்றார் அம்மா.

புதுப் பிரதிக்கு யாராவது நேரில் வந்து விண்ணப்பிக்க வேண்டும், மூன்று வாரமாவது செல்லும் என்றார் அந்தப் பெண். அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள். "எடி, கெஞ்சிப் பாரடி."

லமினேற் கதையையும் சொல்லிக் கெஞ்சினேன். இணைப்பில் இருக்கச் சொல்லிவிட்டு எழுந்து போனார். மின்விசிறி சுழன்றது, யாரோ சிரித்தார்கள், கதிரை இழுபட்டது. திரும்பி வந்து பதிவேட்டிலிருந்து அக்கா பிறந்த நேரம் வரை வாசித்துக் காட்டினார். பிறகு, யாரும் சொல்லாமலே ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் கையில் இருப்பதில் முத்திரை மேடாக இருக்கிறதா? தடவிப் பாருங்கள்."

தடவினேன். வழுவழுவென்றிருந்தது.

"அப்படியானால் அது கலர்ப் பிரதி. எங்கள் முத்திரை தாளை அழுத்தி எழும்பி நிற்கும், பிளாஸ்டிக்குக்குள்ளும் கைக்குத் தெரியும். மூலப் பத்திரம் வேறெங்கோ பத்திரமாக இருக்கும். உங்கள் அம்மாவைக் கேளுங்கள். இங்கேயும் அம்மாமார் இப்படித்தான்."

திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"ஒறிஜினலை நான் சாதகக் குறிப்போடையெல்லே வைச்சனான். பிறந்த நேரம் அதிலைதானே கிடக்கு."

"குறிப்பு இப்ப எங்கை?"

"பொருத்தம் பாக்கவெண்டு அவையளிட்டைக் குடுத்தது. கவரோடை."

அவர்கள் என்றால் மாப்பிள்ளை வீட்டார். பாரிஸில்.

"ஒரு வருசமா அங்கைதான் கிடக்குதோ?" அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். "அம்மா, உங்களை என்ன செய்யிறது?"

"ஏன், போகவேண்டிய இடத்துக்குத்தானே போயிருக்கு."

அந்தப் பெண் இன்னும் இணைப்பில்தான் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பக்கத்து மேசைக்கும் சொல்லிச் சிரிப்பது கேட்டது.

மாப்பிள்ளை தாயின் அலுமாரியில் கவரைக் கண்டெடுத்து, புதன் காலை நகரசபையில் கொடுத்தார். ஏற்றுக்கொண்டார்கள். அக்கா செய்தியை இரண்டு தடவை வாசித்தாள், தொலைபேசியைக் குப்புற வைத்தாள், இரண்டு நாளுக்குப் பிறகு முதல் தடவையாகத் தேத்தண்ணியைச் சூட்டோடு குடித்தாள்.