சொல்லாமல் வந்த வீடு

எங்கள் குடியிருப்பில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் எல்லா வீட்டுக்கும் பொது. அது நிலவறையில் இருந்தது. கோயில் திருவிழாவில் இன்ன நாள் இன்னாருடைய உபயம் என்று இருக்குமே, அதுபோல இன்ன நாள் இன்ன வீட்டுக்கு என்று முறை உண்டு. ஒருவருடைய நாளில் இன்னொருவர் கைவைத்தால், சுவிஸில் நாங்கள் இருந்த சூக் நகரமே குலுங்கிப்போகும். இந்த நாட்டில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இல்லாதவர்களுக்கு எவ்வளவு விளக்கினாலும் நான் மிகைப்படுத்துகிறேன் என்றுதான் நினைப்பார்கள்.

அந்த அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் எங்களுக்குக் கீழ்வீட்டில் தனியாக இருந்த சுவிஸ்காரப் பெண். நாங்கள் அவரை அன்ரி என்போம். அறுபது வயது தாண்டியவர், அதிகம் சிரிக்கமாட்டார். இயந்திரத்தின் வடிகட்டியில் பஞ்சு கிடந்தால் படியேறி வந்து கதவைத் தட்டி உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். குடியிருப்பில் எல்லோரும் அவருக்குப் பயம். அம்மாவுக்கு மட்டும் அவரோடு ஒரு ஒட்டு. வாரத்தில் ஒருநாள் நிலவறையில் இருவரும் ஒருவர் படுக்கை விரிப்பின் நுனியை மற்றவர் பிடித்து மடிப்பார்கள். ஒன்றும் கதைப்பதில்லை. அம்மா தன்னிடம் ஒருபோதும் ஒன்றும் துருவிக் கேட்டதில்லை என்று அன்ரி ஒருமுறை மெச்சினார். கேட்பதற்கு அம்மாவிடம் ஜெர்மன் இருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. டொக்டர் வீட்டில், பள்ளிக்கூடத்தில், நகரசபையில் எல்லாம் வீட்டின் வாய் நான்தான். ஆகவே ஒரு மாலை அன்ரி எங்கள் குசினி மேசையில் வந்து உட்கார்ந்து, அம்மாவிடம் ஓர் உதவி கேட்கவேண்டும் என்றபோது, அவருடைய கதை முழுவதும் என் வாய் வழியாகத்தான் அம்மாவுக்குப் போனது. இன்றும் அவர் பேசியதெல்லாம் நான் சொன்ன தமிழில்தான் எனக்கு நினைவிருக்கிறது.

அவர் யெனிஷ் இனத்தவர். அந்தச் சொல்லையே நான் அன்றுதான் முதலில் கேட்டேன். இந்த மண்ணின் மக்கள், ஆனால் வண்டிகளில் ஊர் ஊராகப் போய்த் தொழில் செய்து வாழ்ந்தவர்கள். அவர்களுக்கென்று ஒரு மொழி உண்டு. ஒரு காலத்தில் அவர்களுடைய பிள்ளைகளை ஒழுங்காக வளர்க்கிறோம் என்று பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய் விடுதிகளிலும் பிறர் வீடுகளிலும் விட்டார்கள். அன்ரியைக் கொண்டுபோனபோது அவருக்கு நாலு வயது. உன்னை வேண்டாம் என்று உன் தாயே தந்தாள் என்று சொல்லித்தான் வளர்த்தார்களாம். பெரியவளாகித் தேடிப் போனபோது தாய் உயிரோடு இல்லை. ஒரு படம்கூட இல்லை.

இப்போது நாட்டின் வானொலியிலிருந்து அவரைத் தேடி வந்திருக்கிறார்கள். அவர்களுடைய பழைய ஒலிநாடா ஒன்றில், யெனிஷ் மக்களைப் பற்றிய நிகழ்ச்சியில், அவருடைய தாய் பேசுகிறார். அந்த நிகழ்ச்சி அந்த மக்களைப் பற்றிப் பேசிய விதம் பிழை என்று வானொலி இன்று ஒப்புக்கொள்கிறது. முதலில் குடும்பத்தவர் கேட்கவேண்டும், அவர்களிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும், அவர்கள் சம்மதித்தால் அந்த மக்களே அதைத் தங்கள் வாயால் சொல்லி மறுபடி ஒலிபரப்பவேண்டும் என்று முடிவாம். சம்மதம் இல்லையென்றால் இல்லை. அன்ரிக்கு இரண்டு மனம். தான் யார் என்று குடியிருப்பில் ஒருவருக்கும் அவர் சொன்னதில்லை. அதைவிட, தாயின் குரலைத் தனியாக இருந்து கேட்கப் பயம். அம்மா பக்கத்தில் இருந்தால் போதும் என்றார்.

அன்ரி போனபிறகு, ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா மேசைக்கு வந்து உட்கார்ந்தார். உணவகக் குசினியில் வேலை முடிந்து வந்த களைப்பு அவருக்கு.

"அப்ப இவை இந்த நாட்டுக்காரர்தானே? சொந்த நாட்டிலையே அகதியோ?"

"நாங்கள் எங்கடை நாட்டிலை காணாத புதுமையோ இது?" என்றார் அம்மா.

அப்பா எழுந்து கைகழுவப் போனார்.

ஆனால் நாடாவைக் கேட்கவிருந்த அந்தச் சனிக்கிழமை காலையில் இருவருக்கும் இடையே ஒரு வழக்கு நடந்தது. அம்மா விடியவே எழும்பி ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்கள் வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போவதில்லை. அதுவும் சூரிச்சிலிருந்து வானொலிக்காரர் வருகிற வீடு.

"இஞ்சேர், பொரிச்ச சாமானோ கொண்டு போறாய்? இது நல்ல காரியமோ கெட்ட காரியமோ எண்டு யோசிச்சனியோ?"

"காணாமல் போன தாய் வாறா. நல்ல காரியம்தானே?"

"தாய் வரேல்லை. குரல்தான் வருது."

அம்மா எண்ணெய்ச் சட்டியை இறக்கிவைத்தார். பிறகு, பொரித்தது பொரித்ததுதான் என்று ரோல்ஸை அடுக்கி மூடினார். நான் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டேன். மூன்று பேருமாகக் கீழே போனோம்.

வானொலியிலிருந்து இருவர் வந்திருந்தார்கள். ஒருவர் கண்ணாடி போட்ட அதிகாரிப் பெண். மற்றவர் அப்பாவின் வயதுடைய, அகன்ற தோள் கொண்ட மனிதர். அவரும் யெனிஷ் இனத்தவர். அந்த மக்களைப் பற்றி அந்த மக்களே நிகழ்ச்சி செய்யவேண்டும் என்று வானொலி புதிதாக வேலைக்கு எடுத்தவராம்.

அன்ரி அவரை மேலும் கீழும் பார்த்தார். "எங்கடை ஆள் எண்டதாலைதானே உங்களை அனுப்பினவை?"

"ஓம், அதாலைதான்" என்று அந்த மனிதர் சிரித்தார். "எடுத்தது அதுக்குத்தான். ஆனால் வேலை முழுக்க நான்தான் செய்யிறன்."

அந்த வீட்டில் அன்று யாராவது சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அதிகாரிப் பெண் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். எழுதி வந்ததைப் பார்க்காமலே சொன்னார். அம்மா என் முழங்கையை இடித்து, "என்னவாம்?" என்றார்.

"மன்னிப்புக் கேக்கினமாம்."

"ஆரிட்டை?"

"அன்ரியிட்டை."

"தாயிட்டையெல்லோ கேக்கவேணும்" என்றார் அம்மா மெதுவாக. நல்லவேளை, அதை யாரும் என்னை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

பிறகு நாடாவைப் போட்டார்கள். முதலில் ஓர் ஆணின் குரல். பள்ளிக்கூட அதிபர் விலங்குக் காட்சிச்சாலையைச் சுற்றிக் காட்டுவதுபோல, இந்த மக்கள் இப்படி வாழ்கிறார்கள், பிள்ளைகள் இப்படி ஓடித்திரிகிறார்கள் என்று அது கனிவாகச் சொல்லிக்கொண்டு போனது. பின்னால் மழை தகரத்தில் விழும் சத்தம். அந்தக் குரல் ஏதோ கேட்டது. ஒரு பெண் பதில் சொன்னார். இளமையான, கொஞ்சம் கரகரத்த குரல். அன்ரி கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் பேச்சை இடையில் விட்டு, ஒலிவாங்கிக்கு அப்பால் திரும்பி, எங்கோ தூரத்தில் நிற்கிற ஒருவரை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தொடர்ந்து ஒரு வசனம், அவர்களுடைய மொழியில். அதற்குள் ஆணின் குரல் மறுபடி வந்து, இத்தகைய பிள்ளைகளைக் கவனிக்க ஆளில்லை என்று நேயர்களுக்கு விளக்கியது.

அந்தப் பெயர் அன்ரியின் செல்லப்பெயர். அதை நான் இங்கே எழுதமாட்டேன். அது அவருடையது. பெயரை அடையாளம் கண்ட அன்ரிக்கு அடுத்த வசனம் விளங்கவில்லை. பிள்ளையை எடுத்தவர்கள் மொழியையும் எடுத்துவிட்டார்கள். அவர் அந்த மனிதரைப் பார்த்தார். அவர் ஜெர்மனில் சொன்னார். அதை நான் தமிழில் அம்மாவுக்குச் சொன்னேன். தீப்பிடித்த வீட்டுக்கு வரிசையில் நின்று வாளி கைமாற்றுவதுபோல அந்த வசனம் கைமாறி வந்தது. கடைசி வாளி நான் என்பதில் எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

"சாப்பிட வரட்டாம். ஆறிப்போகுதாம்."

அம்மா வாயைச் சேலைத்தலைப்பால் பொத்திக்கொண்டார். அன்ரி அழவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டார்கள். பிறகும் போட்டார்கள்.

எப்போது என்று தெரியாது, அம்மா எழுந்து அன்ரியின் முதுகில் கையை வைத்தபடி நின்றிருந்தார். பிறகு மூடியே திறக்காத ரோல்ஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு, அப்பாவுக்குக் கண்ணைக் காட்டி, ஒருவரிடமும் ஒரு சொல் சொல்லாமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். அப்பாவும் தலையைக் குனிந்தபடி பின்னால் போனார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் பள்ளிக்கூடத்தில் வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொரு பிள்ளையும் ரீச்சரின் கையைப் பிடித்து, கண்ணைப் பார்த்து, விடைபெறவேண்டும். என் பெற்றோருக்கு இந்தச் சின்ன மரியாதைகூடத் தெரியவில்லையே என்று, நான் ஒவ்வொருவராகக் கைகொடுத்து விடைபெற்றேன். அன்ரி என் கையை விடாமல், "அம்மா ஏன் சொல்லாமல் போட்டா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மைதான்.

மேலே போனதும் அம்மா என்னை நேராகக் குளியலறைக்குள் தள்ளித் தலையில் தண்ணீர் ஊற்றினார். மூன்று பேருடைய உடுப்பையும் கூடையில் அள்ளிக்கொண்டு, ஈரத்தலையோடு நின்ற என்னையும் இழுத்துக்கொண்டு நிலவறைக்குப் போனார். அன்று எங்கள் நாள் இல்லை. மேல்மாடிக்காரருடைய நாள். எனக்குத் தெரிய அம்மா விதியை மீறியது அதுதான் முதல் தடவை.

இயந்திரம் சுழலத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அன்ரி வாசலில் வந்து நின்றார். வானொலிக்காரர் போயிருக்கவேண்டும்.

"இது உங்கடை நாள் இல்லை" என்றார். பிறகு இயந்திரத்தின் வட்டக் கண்ணாடியைப் பார்த்தார். உள்ளே என் மஞ்சள் சட்டை சுழன்றுகொண்டிருந்தது. அவருடைய முகம் மாறியது. "என்ரை வீட்டுக்குப் போட்டு வந்த உடுப்புத்தானே அது?"

இதற்கு அம்மாவுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. "யா, யா" என்றார். அது போதாது என்று என் ஈரத்தலையையும் தொட்டுக் காட்டினார். தான் ஒன்றிலும் குறைவைக்கவில்லை என்று அன்ரிக்குத் தெரியவேண்டும் என்பதுபோல.

அன்ரியின் குரல் உயரவில்லை. "சின்னனிலை என்னைக் கொண்டுபோன இடத்திலையும் முதல் வேலையா அதைத்தான் செய்தவை. என்ரை உடுப்பைக் கழட்டித் தோய்ச்சவை. பிறகு என்னைத் தோய்ச்சவை. நாங்கள் ஊத்தைச் சனமாம். நீங்களுமோ?"

நான் சொல்லி முடிக்க முதலே அம்மாவின் கண் கலங்கிவிட்டது.

"ஐயோ, இல்லையெண்டு சொல்லு. செத்த வீட்டுக்குப் போய் வந்தால் முழுகவேணும், உடுத்ததைத் தோய்க்கவேணும். வரேக்கை போயிட்டு வாறன் எண்டு சொல்லக்கூடாது. சொன்னால் திரும்பவும் சாவு வரும். சொல்லு பிள்ளை."

"ஆரம்மா செத்தது?"

"அவவின்ரை அம்மா."

"அவ எப்பவோ செத்திட்டா எண்டு அன்ரி சொன்னவதானே?"

"இவவுக்கு இண்டைக்குத்தான் செத்தவ. வாயைப் பாத்துக்கொண்டு நில்லாமல் சொல்லடி."

நான் சொன்னேன். எனக்கே பாதி விளங்காததை எந்த ஜெர்மனில் சொன்னேனோ தெரியாது. அன்ரி சுவரோரம் இருந்த வாங்கில் மெல்ல உட்கார்ந்தார். அப்படியான நாளில் மகள் என்ன செய்யவேண்டும் என்று அம்மாவிடம் கேட்கச் சொன்னார்.

"அவவும் முழுகவேணும். வீட்டிலை அடுப்பு மூட்டக்கூடாது. அயலட்டைச் சனம்தான் சமைச்சுக் குடுக்கிறது."

அன்ரி எழுந்து மேலே போனார். வேறு உடுப்போடு, ஈரத்தலையோடு திரும்பி வந்தார். கையில் அவர் அன்று உடுத்தியிருந்த சாம்பல் நிறச் சட்டை. அம்மா இயந்திரத்தை நிறுத்தினார். தண்ணீர் வடிந்து கதவின் பூட்டு விடும்வரை மூவரும் அதன் முன்னால் நின்றோம். பிறகு அன்ரி தன் சட்டையை எங்கள் உடுப்புகளுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். மேல்மாடிக்காரர் கூடையோடு வந்து எட்டிப் பார்த்தார். அன்ரி அவரைப் பார்த்த பார்வையில் அவர் அப்படியே திரும்பிப் போனார்.

மாலையில் அம்மா சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் வைத்தார். துக்க நாளென்று பொரியல் இல்லை. ரோல்ஸ் குளிர்ப்பெட்டியில் உறைந்துகொண்டிருந்தது. அன்ரி எங்கள் வீட்டில் வந்து சாப்பிடட்டும் என்றார்.

"செத்த வீட்டுத் துடக்குக்காரர் பிற வீட்டிலை போய்ச் சாப்பிடுறேல்லை" என்று அப்பா முறை பேசினார்.

"அது வீடு நிறையச் சனம் இருந்த ஊரிலை. தனிய இருந்து சாப்பிட விடுறதோ? பிள்ளை, நீ போய்க் கூப்பிடு."

கீழே இறங்கிப் போக எனக்குப் பஞ்சி; இறங்கினால் திரும்ப ஏறவேண்டுமே. படியின் கம்பியில் சாய்ந்து, அன்ரியை அழைத்து, சாப்பிட வாங்கோ, ஆறிப்போகுது என்று ஜெர்மனில் கத்தினேன். கதவு திறந்தது. அன்ரி கீழ்ப்படியில் வந்து, கம்பியைப் பிடித்தபடி அண்ணாந்து என்னைப் பார்த்தார். ஏறி வரவில்லை.

"என்ன சொன்னனீ?" என்று கேட்டார். "இன்னொருக்கால் கூப்பிடு."

கேட்கவில்லைப் போலிருக்கிறது என்று, குடியிருப்பே கேட்கும்படி இன்னும் பலமாகக் கத்தினேன்.

அவர் வந்தார். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். வானொலிக்குச் சம்மதம் சொல்லப்போவதாகவும், தன் பெயரையும் சொல்லட்டும், குடியிருப்பு கேட்டால் கேட்கட்டும் என்றும் என்னிடம் சொல்லி, அம்மாவுக்குச் சொல்லச் சொன்னார். பிறகு எழுந்து, ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார். எங்கள் வழக்கத்தை அவர் அதற்குள் எங்கள் வீட்டுக்கே திருப்பித் தந்துவிட்டார். அப்பாவின் வாய் ஒருகணம் திறந்து மூடியது. அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

கோப்பைகளைக் கழுவ எடுத்துக் கொடுத்தபடி, அன்று முழுவதும் மொழிபெயர்த்த களைப்போடு, நான் கடைசியாக ஒரு செய்தி சொன்னேன்.

"அன்ரிக்குக் காது கேக்கிறேல்லையம்மா. ரெண்டுதரம் கூப்பிடவேண்டிக்கிடக்கு."

அம்மா குழாயைப் பூட்டினார். கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இனி நெடுகவும் ரெண்டுதரம் கூப்பிடு" என்றார்.

ஏன் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அடுத்த சனிக்கிழமையும் அதற்குப் பிறகும், கம்பியில் சாய்ந்து, ஒருமுறை கூப்பிட்டு, கொஞ்சம் பொறுத்து, பாவம் காது மந்தம் என்று நினைத்தபடி, மறுபடியும் கூப்பிட்டேன்.