கரியாலூர் மாடியில் காய்ந்த பட்டன்கள்

காலை பதினொன்று இருபதுக்குக் குரங்கு வந்தது. நேரம் எனக்கு நன்றாகத் தெரியும். பதினொன்றரைக்குப் பொட்டலத்தைத் திருப்பி வைக்க வேண்டும் என்று மகள் சொல்லியிருந்ததால், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். மலைமேல் கரியாலூரில் இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்த வீட்டின் மொட்டை மாடி. எனக்கு முன்னால் ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் ஒரு பழைய கம்ப்யூட்டரின் கீபோர்டு பட்டன்கள், பிளாஸ்டிக் தாளில் பொட்டலமாகக் கட்டப்பட்டு வெயிலில் கிடந்தன.

பழைய பிளாஸ்டிக் நாளாக நாளாக மஞ்சளாகிவிடும். பியூட்டி பார்லரில் முடியை வெளுக்கப் பூசுகிற கிரீமைத் தடவி, ஈரம் போகாமல் மூடி வெயிலில் வைத்தால் பழைய நிறம் திரும்புமாம். மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளுக்கு இதெல்லாம் தெரிந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

இன்ஜினியரிங் படிப்பை இரண்டாம் வருடத்தில் பாதியில் விட்டுவிட்டுக் கள்ளக்குறிச்சிக்கு வந்துவிட்டாள். ஏன் என்று கேட்டோம். கேட்டுக்கொண்டே இருந்தோம். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாதக்கணக்கில் அந்தக் கதவு சாத்தியே இருந்தது. சாப்பாட்டுத் தட்டை வெளியே வைத்துவிட்டு, உள்ளே அவள் நடக்கிற சத்தம் கேட்கும்வரை நான் அங்கிருந்து நகர மாட்டேன். இன்றும் காற்றில் ஏதாவது கதவு அடித்துக்கொண்டால் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

ஒருநாள் காயலான் கடையிலிருந்து வெறும் கீபோர்டு என்று நினைத்து ஒன்றை வாங்கி வந்தாள். பிரித்துப் பார்த்தால் கம்ப்யூட்டரே அதற்குள் இருந்தது. டீவியில் இணைத்து, கேசட்டிலிருந்து புரோகிராமை ஏற்றி ஓட்டுகிற, அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர். படம் எடுத்து இணையத்தில் போட்டாள். இந்த மாதிரிப் பெட்டிகளைத் தேடிப் பிடித்து உயிர் கொடுக்கிறவர்களின் குழு ஒன்று அவளைப் பிடித்துக்கொண்டது. ஒரு ராத்திரி தானாகவே சாப்பிட வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, இதோட மொத்த மெமரியும் நம்ம போன்ல எடுக்கற ஒரு போட்டோவுக்குக்கூட பத்தாதுப்பா" என்று சிரித்தாள். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அவள் இன்னொரு தோசை கேட்டது நினைவிருக்கிறது.

குழு அந்த வருடம் ஒரு கம்ப்யூட்டரை முதலிலிருந்து புதிதாகச் செய்தது. சர்க்யூட் போர்டை அவர்களே வரைந்து அடித்து வாங்கினார்கள். மேல் பெட்டியையும் பிளாஸ்டிக்கை உருக்கி வார்க்கிற பிரிண்டரில் அச்சிட்டுக்கொண்டார்கள். பட்டன்கள் மட்டும் அசல். புதுச்சேரியிலிருக்கும் ஒரு அம்மா கொடுத்தது. அவருடைய அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பெட்டி அது. ஹை வோல்டேஜில் போர்டு கருகிப்போக, மிச்சத்தை அவர் பத்திரமாக வைத்திருந்தார். கரியாலூரில் கூடுவது என்றும், அன்று மாலை அந்த அம்மா வந்து முதல் பட்டனை அழுத்துவது என்றும் ஏற்பாடு. பட்டன்களை வெளுக்கிற பொறுப்பை என் மகள் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவளை நம்பி ஒருவர் ஒரு பொருளைக் கொடுத்து வெகு காலமாகியிருந்தது.

நான் காவலுக்கு என்று கூடவே போனேன். "பொண்ணுக்கு நீங்க காவலா, உங்களுக்குப் பொண்ணு காவலா?" என்று கேட்டபடி, என் கறுப்புச் சீப்பைப் பையில் சொருகி என் மனைவி பஸ் ஏற்றிவிட்டாள்.

மாடியில் கையில் கம்புகூட வைத்திருந்தேன். குரங்கு முதுகுப் பக்கமிருந்து வந்தது. தட்டைத் தள்ளிவிட்டுப் பொட்டலத்தை மட்டும் தூக்கிக்கொண்டு பலாமரத்துக்குத் தாவியது. தின்பண்டம் என்று நினைத்திருக்கும். மேலே உட்கார்ந்து பிரித்தது, முகர்ந்தது, ஒன்றை வாயில் வைத்துத் துப்பியது. பிறகு பொட்டலத்தைக் கவிழ்த்துக் கொட்டியது.

மாடியிலிருந்து மகள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். குழுவில் எல்லோரும் ஓடிவந்தார்கள். திருக்கோவிலூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர், சேலத்து பேங்க்காரர், கல்யாண வயதில் பிள்ளைகள் உள்ளவர்கள், அத்தனை பேரும் பலாமரத்தடியில் முட்டி போட்டுச் சருகைக் கிளறினார்கள். பக்கத்துக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா சார் தேடினு இருக்கீங்க? யாருக்குப் பல்லு கொட்டிப்போச்சி?"

"எனக்குத்தாம்மா" என்றார் திருக்கோவிலூர்க்காரர். "உங்க ஊரு கொரங்கு புடுங்கிக்கினு போயிடுச்சி."

"ஆமா, எங்க ஊரு கொரங்குக்குப் பல்லு இல்லாமதான் இருக்குது" என்று சொல்லிக்கொண்டே அவளும் வந்து குனிந்தாள்.

கழுவித் துடைத்து, ஒரு துண்டின்மேல் கீபோர்டு வரிசையிலேயே அடுக்கினோம். எல்லாம் இருந்தது. கடைசி வரிசையில் இருக்க வேண்டிய நீளமான ஸ்பேஸ் பாரை மட்டும் காணவில்லை. அதைக் குரங்கு விடவில்லை. கையில் பிடித்தபடியே அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று காட்டுப் பக்கம் போய்விட்டது.

மகள் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டியிருக்கலாம். எழுந்து எங்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

அந்தச் சத்தத்தை நான் மறந்திருக்கவில்லை.

"வுடுங்க சார். ஊருக்குப் போயி பிரிண்டர்ல ஒண்ணு அடிச்சிக்கலாம். இதுக்குப் போயி மூஞ்சிய இப்டி வச்சிக்கினு" என்றார் திருக்கோவிலூர்க்காரர். என் மூஞ்சி ஸ்பேஸ் பாருக்காக இல்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

மதியச் சாப்பாடு வந்தது. கதவைத் தட்டினேன்.

"பசிக்கலப்பா."

இதே வார்த்தையைத்தான் அத்தனை மாதமும் கேட்டிருந்தேன். கதவருகே தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே எதையோ உரசுகிற சத்தம் விட்டு விட்டு வந்தது. பேசாமல் இருந்தாலாவது பரவாயில்லை, இது என்ன சத்தம் என்று இன்னும் பயந்தேன். சேலத்துக்காரர் ஒரு டம்ளர் மோரை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

வெயில் இறங்கும் நேரத்தில் புதுச்சேரி அம்மா வந்துவிட்டார். மலைப் பாதையில் பஸ்ஸில் வந்த களைப்பில், "வளைவு ஜாஸ்திப்பா, கொடலே வாய்க்கு வந்துட்டுது" என்று நாற்காலியில் சாய்ந்தார். திருக்கோவிலூர்க்காரர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"எங்கண்ணன் என்னக்கூட அதத் தொட வுட்டதில்ல. கொரங்கு தொட்டுடுச்சா!"

பிறகு சுற்றிப் பார்த்து, "எங்க, அதெல்லாம் வெளுத்து வச்ச பொண்ணு?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "தூங்குதுங்க" என்றேன்.

நடுக்கூடத்தில் டீவியை வைத்து எல்லா வயரையும் மாட்டியிருந்தார்கள். புதுப் பெட்டியில் பட்டன்கள் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தன. கீழ் வரிசையில் மட்டும் நீளமாக ஒரு பள்ளம். "அது இல்லாமலே போடுங்க, பரவால்ல" என்றார் அந்த அம்மா. யாரும் சுவிட்சைத் தொடவில்லை.

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

மகள் வெளியே வந்தாள். கையெல்லாம், முன்நெற்றி முடியெல்லாம் கறுப்புத் தூள். என்னைத் தாண்டிப் போய்க் கம்ப்யூட்டர் முன் குனிந்து, உள்ளங்கையில் வைத்திருந்ததை அந்தப் பள்ளத்தில் பொருத்தினாள். மழமழவென்று தேய்த்து, மாட்டுவதற்கு அடியில் பிடி ஒட்டிய ஒரு நீளத் துண்டு. வெள்ளைப் பட்டன்களுக்குக் கீழே கன்னங்கறேலென்று இருந்தது. கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்திப் பார்த்தாள். இறங்கி, ஏறியது. அந்த அம்மாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, உங்க சீப்ப ஒடச்சிட்டேன்."