வேம்படியில் இல்லாத ஒரு ஜோடி

போன ஞாயிறு காலை நாலே காலுக்கு எழுந்து, முதல் வேலையாக விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்த்தேன். நூற்று அறுபத்தெட்டு. மூன்று மாதமாக இப்படி ஒரு எண்ணோடுதான் எனக்குப் பொழுது விடிகிறது. "மாத்திரையைக் கூட்டுறதுக்கு முன்னாடி நடந்து பாருங்க. வீட்டுக்குள்ள நடக்கிறதைச் சொல்லலை" என்று டாக்டர் சொல்லியிருந்தார். தூக்கமும் சரியில்லை. மகன் வேலைக்காக ஓசூர் போனதிலிருந்து இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிட்டால் அவ்வளவுதான். பூங்காவில் வட்டம் சுற்றுவது எனக்கு ஒத்துவரவில்லை. அதனால் மாதம் ஒரு மலை என்று வைத்துக்கொண்டேன். இது நான்காவது.

வீடு ஆரப்பாளையத்தில். 4.50க்கு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாட்டுத்தாவணியில் 5.25க்குத் திருச்சி பஸ். ஏறும்போதே கொட்டாம்பட்டியில் நிற்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், நிற்காத பஸ்களும் உண்டு. டிக்கெட் ஐம்பது ரூபாய். 6.30க்கு இறங்கினேன். அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர் ஆட்டோ, இருநூறு ரூபாய்.

"தனியாவாக்கா வந்தீக?" என்றார் ஆட்டோக்காரர். ஆமாம் என்றேன்.

"எங்க வீட்டுல காசு குடுத்தாலும் ஏற மாட்டா. நீங்க காசு குடுத்து ஏறுறீக. திரும்பயில கூப்பிடுங்க. முட்டி நல்லாருந்தா இருநூறு, தூக்கித்தான் வண்டியில வைக்கணும்னா முந்நூறு."

ஊரின் பெயரை நான் எழுதவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். வனத்துறையின் காப்புக்காடு கிடையாது, ஊருக்குப் பொதுவான பாறை மலை. ஏற்றம் ஒன்றே முக்கால் கிலோமீட்டர். கூட்டிக்கொண்டு போவது அந்த ஊர்ப் பெண்கள் எட்டுப் பேர். வழிகாட்ட ஆளுக்கு நூற்றைம்பது, இறங்கியதும் காலைச் சாப்பாடு அறுபது. இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் நடத்துகிறார்கள்.

அன்று எங்களை அழைத்துப் போனவர் செல்வராணி. முப்பத்தைந்து வயதிருக்கும். முன்பு நாற்று நடவும் களை எடுக்கவும் கூலிக்குப் போனவர். திருச்சியிலிருந்து வந்த பதினொரு பேர் கொண்ட குழுவோடு என்னையும் சேர்த்துக்கொண்டார். எனக்கு அவர்களில் யாரையும் தெரியாது, அவர்களுக்கு என்னையும் தெரியாது.

அடிவாரத்தில் பெரிய வேப்பமரம். அதன் அடியில் நிறுத்தினார்.

"செருப்பு, ஷூ எல்லாத்தையும் இங்கன கழட்டிருங்க. இது சாமி மலை, ஒத்தச் செருப்புகூட மேல போகக் கூடாது. ஊருல ரெண்டே ரெண்டு கண்டிசன் போட்டுத்தான் எங்கள விட்டுருக்காக. அது ஒண்ணு. ஏறுன ஆளு அம்புட்டுப் பேரும் எறங்கணும், அது இன்னொண்ணு."

எல்லோரும் கழற்றினார்கள். நானும் கழற்றினேன். என் ஷூ மகன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. அந்த நேரம் பார்த்து ஒரு நாய்க்குட்டி திருச்சிக்காரர் ஒருவரின் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடியது, எல்லோரும் சிரித்துக்கொண்டே துரத்தினார்கள். நான் அந்தச் சந்தடியில் திரும்பி நின்று, ஷூவைத் துண்டில் சுற்றி முதுகுப் பைக்குள் திணித்துக்கொண்டேன். "கழட்டியாச்சாக்கா?" என்று செல்வராணி கேட்டதற்கு, "ஆச்சு" என்றேன்.

ஏழு மணிக்கு ஏறத் தொடங்கினோம். வெறுங்காலில் ஏறுவது முதல் பத்து நிமிடம்தான் கஷ்டம். பிறகு பாதமே எங்கே பிடி இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறது. பாதி தூரத்தில் ஒரு சுனை. பிளாஸ்டிக் பாட்டிலும் சேறுமாக அடைந்து கிடந்ததை இந்தப் பெண்கள்தான் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கை எடுத்துத் தூர்வாரியிருக்கிறார்கள். மேய்ச்சலுக்கு வரும் ஆடுகளுக்கு இப்போது பங்குனி வரை தண்ணீர் இருக்கிறதாம். இரண்டு வருடம் முன்பு வரை ஊர்ப் பெண்கள் யாரும் இந்தச் சுனைக்கு மேலே ஏறியதே இல்லை. வழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

கூட வந்த முனியம்மா என்பவரிடம், முதல் தடவை ஏறியபோது எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நாப்பது வருசமா கீழ இருந்தே பாத்த மலை. மேல வந்து பாத்தா என் வீடு தீப்பெட்டி கணக்கா இருக்கு. அட, இதுக்குள்ளயா மாமியாளும் நானும் இம்புட்டுச் சண்டை போட்டோம்னு சிரிச்சிட்டேன்."

எட்டு மணிக்கு உச்சி. கீழே கண்மாய்கள், தென்னந்தோப்புகள், திருச்சி சாலையில் சத்தமே இல்லாமல் போகும் லாரிகள். திருச்சிக் குழு படம் எடுப்பதில் மும்முரமாக இருந்தது. முனியம்மா சாப்பாடு தயார் செய்ய முன்னாலேயே இறங்கிவிட்டார். நான் மறுபக்கம் போய் ஒரு பாறையின் நிழலில் சாய்ந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பையைத் தலைக்கு வைத்துக்கொண்டது நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது மணி 9.35. பல மாதங்களுக்குப் பிறகு, கனவுகூட இல்லாமல் தூங்கியிருக்கிறேன். எழுந்து போய்ப் பார்த்தால் உச்சியில் ஒருவரும் இல்லை.

பாறையில் பாதை தெரியாது. வந்த வழி என்று நினைத்து இறங்கினேன். கால் மணி நேரத்தில் முள்ளுக்குள் மாட்டினேன், அதைத் தாண்டினால் செங்குத்தான சரிவு. போனில் சிக்னல் இல்லை. பாறை சுடத் தொடங்கியிருந்தது. பையில் ஷூ இருந்தது. போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு நொடி தோன்றியது, போடவில்லை. சத்தம் போட்டேன். முதலில் கூச்சத்தோடு, பிறகு கூச்சமில்லாமல்.

பத்தரை மணிக்கு உச்சிப் பக்கமிருந்து பதில் குரல் வந்தது. "அக்கா! இருந்த எடத்துலயே இருங்க! கால நகட்டாதீக!" செல்வராணி. அந்தச் சூட்டில் ஓடியே வந்திருக்கிறார். வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

என்ன நடந்தது என்று இறங்கும்போது சொன்னார். அந்த ஊரில் மலை ஏறுகிறவர்களின் பெயரை எழுதி வைக்கும் பழக்கம் கிடையாது. ஆடு மேய்ப்பவரானாலும் விறகு பொறுக்குபவரானாலும், வேம்படியில் ஒரு ஜோடி கிடந்தால் ஆள் இன்னும் மலையில் இருக்கிறார் என்று அர்த்தம். ஒன்றும் இல்லை என்றால் எல்லோரும் இறங்கியாயிற்று. எத்தனையோ காலமாக அந்தக் கணக்கு தப்பியதில்லை. அன்று திருச்சிக்காரர்கள் செருப்பை மாட்டிக்கொண்டதும் வேம்படி காலி. நிம்மதியாகச் சாப்பாடு பரிமாறப் போயிருக்கிறார். முனியம்மாதான், "பன்னெண்டு தட்டு வச்சேன், ஒரு தட்டு அப்படியே கெடக்கே" என்று கேட்டிருக்கிறார்.

அடிவாரத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் நின்றார். கைத்தடியைப் பாறையில் தட்டிக்கொண்டே இருந்தார்.

"ஏத்தா, நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா? வெளியூருப் பொம்பளைக்கு ஒண்ணு ஆகியிருந்தா ஊரே போலீஸ் டேசன் வாசல்ல நிக்கணும்."

"என் கணக்குத்தான் மாமா தப்பிப் போச்சு" என்றார் செல்வராணி. "இந்தக்கா செருப்ப நாய் தூக்கிட்டுப் போயிருக்கும் போல. காலையிலகூட ஒண்ணத் தூக்கிட்டு ஓடுச்சு."

நான் பை வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டேன். ஐந்து பெண்கள் புதரிலும் வாய்க்காலிலும் என் ஷூவைத் தேடினார்கள். பை என் முதுகில் இருந்தது. கடைசியில் செல்வராணி தன் ரப்பர் செருப்பைக் கழற்றி என் முன்னால் போட்டார். "போட்டுட்டுப் போங்கக்கா. டவுனுக்குப் போயி வெறுங்காலோட எப்படி நடப்பீக?"

போட்டுக்கொண்டு வந்தேன்.

பெரியவர் போகும்போது சொல்லிவிட்டுப் போனார்: அடுத்த ஞாயிறு ஊர்க்கூட்டம். இந்த மலையேற்றம் இருக்கலாமா வேண்டாமா என்று அங்கே முடிவு செய்வார்கள்.

இதைச் சனிக்கிழமை மாலை எழுதுகிறேன். வாரம் முழுக்க நன்றாகத் தூங்கவில்லை, ஆனால் சர்க்கரை இறங்கியிருக்கிறது. மலை ஏறினால் உடம்புக்கு நல்லது என்று எல்லோரும் எழுதுகிறார்கள், அது உண்மை. அதே ஏற்றத்தில் எட்டுப் பெண்கள் களை எடுக்கும் கூலிக்கு மேலாக ஒரு வருமானம் பார்த்தார்கள், ஆடுகளுக்குத் தண்ணீர் கிடைத்தது, முனியம்மாவுக்குத் தன் வீட்டை மேலே இருந்து பார்க்கக் கிடைத்தது. நாம் காசு கொடுத்துவிட்டோம் என்பதால் அந்த ஊரின் வழக்கம் நமக்கு வேடிக்கையாகிவிடுவதில்லை. அவர்கள் நம்மைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் முறையே அதற்குள் இருக்கலாம்.

இப்படிப்பட்ட மலைக்குப் போகிறவர்களுக்கு: தையும் மாசியும் நல்ல மாதங்கள். ஏழு மணிக்குள் ஏறத் தொடங்குங்கள், ஒன்பதுக்கு மேல் பாறை சுடும். இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் கடை கிடையாது. சர்க்கரை உள்ளவர்கள் பையில் வெல்லமோ மிட்டாயோ வைத்திருங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைவு என்றால் வெறுங்கால் ஏற்றம் வேண்டாம். தனியாகப் போனால் கூட்டத்தில் ஒருவரிடமாவது பெயர் சொல்லி அறிமுகமாகிக்கொள்ளுங்கள். வழிகாட்டுகிறவர் ஒன்றைச் சொன்னால், காரணம் சொல்லாவிட்டாலும், அப்படியே செய்யுங்கள்.

நாளை கூட்டம் பத்து மணிக்கு. நான் பேசாமல் இருந்தால் கணக்கில் தவறியவர் செல்வராணி. பேசினால், சாமி மலைக்குமேல் செருப்பு போயிருக்கிறது என்று ஊருக்கே தெரிந்துவிடும். வெளியூர்க்காரர்களே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவும் கூடும். இரண்டிலும் அந்த எட்டுப் பேருக்குத்தான் நஷ்டம். ஆனால் ஒன்றில் மட்டும்தான் பழி சரியான ஆள்மேல் விழும். என்ன முடிவானாலும் இந்தப் பதிவைத் திங்கட்கிழமைதான் வெளியிடுவேன். ஊர் மறுபடியும் நம்மை அனுமதித்தால் அப்போது பெயரைச் சொல்கிறேன்.

5.25 பஸ்ஸில் போகிறேன். எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, பையில் வைத்து எடுத்துப் போனது நான்தான் என்று சொல்லப் போகிறேன். வீட்டில், காய்கறி வாங்க ஒத்தக்கடைக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். செல்வராணியின் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. அவருக்கும் சொல்லவில்லை. சொன்னால், "விடுங்கக்கா, நான் பாத்துக்கிறேன்" என்பார். நானும் விட்டுவிடுவேன்.