சுடாத மான்

எங்கள் ஊரில் மக்காச்சோளம் போடுகிற நிலத்துக்கும் காடு என்றுதான் பெயர். அதை ஒட்டி நிற்கிற வனத்துறைக் காட்டைக் காப்புக்காடு என்போம். அங்கிருந்து இறங்குகிற தண்ணீரில்தான் ஏரி நிறைய வேண்டும் என்பதால், மனுஷர் யாரும் அதற்குள் போகக் கூடாது. மான்கள் தாராளமாக வெளியே வரலாம். வந்து எங்கள் கதிரை மேய்ந்துவிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டே திரும்பிப் போகலாம்.

என் வீட்டுக்காரருக்கு இதில் தீராத வயிற்றெரிச்சல். கிராம சபையில் எழுந்து நின்று, "காப்புக்காட்டத் தொறந்து வுடுங்க, மான நாங்களே சுட்டுக்கறோம்" என்று கத்திவிட்டார். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை வெடி வைத்தாலே காதைப் பொத்துகிற மனுஷன்! கூட்டத்துக்கு வந்திருந்த வனக்காவலர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அவ்வளவுதான், வீராப்பெல்லாம் வடிந்துபோயிற்று.

"மான் கேஸு போட்டா வெளிய வரவே முடியாதாமே?" என்று வீட்டில் என்னைக் கேட்டுக் கேட்டே உயிரை எடுத்தார்.

அடுத்த வாரம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. கடை மாத்திரைக்கும் கஷாயத்துக்கும் அசையவில்லை. கண் செருக ஆரம்பித்ததும் ஆட்டோ பிடித்துப் பெரம்பலூருக்குக் கொண்டுபோய்ப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தேன்.

டாக்டரம்மா சின்ன வயசு, வெளியூர்க்காரர். "காட்டுப் பக்கம் போனீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க மேடம்" என்றார் இவர்.

"மான் வந்து போற புதர் எதுலயாவது உக்காந்தீங்களா?"

"மானா? நான் பாத்ததே இல்லைங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மான் விரட்டுகிறேன் என்று வேலியோரப் புதரே கதியாகக் கிடக்கிறவர், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி புளுகுகிறார்.

"உடம்புல கறுப்பா புண்ணு ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமில்லைங்க." சொல்லிக்கொண்டே வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

டாக்டரம்மா யோசனையோடு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். எனக்கு வந்ததே கோபம்!

"மேடம், நில்லுங்க! இந்த ஆளு சொல்றது அம்புட்டும் பொய்யி. காடே வூடுன்னு கெடக்கறவரு. காப்புக்காட்டத் தொறந்து வுடுங்க, மானச் சுடறோம்னு சபையில கத்திட்டு, இப்ப நீங்க ஃபாரஸ்ட்டுக்குச் சொல்லிருவீங்கன்னு பயந்து சாவுறாரு."

சொல்லிவிட்டு வேட்டி முடிச்சை நானே தளர்த்தினேன். அரைஞாண் கயிற்றுக்குக் கீழே, பீடியால் சுட்டது போலக் கறுப்பாக ஒரு பொருக்கு.

"இதத்தான் தேடினேன். உண்ணிப்பூச்சி கடிச்ச தடம். இது உண்ணிக் காய்ச்சல்" என்றார் டாக்டரம்மா.

"சாமி சத்தியமா மான நான் சுடலைங்க மேடம்!" என்று இவர் அந்தக் காய்ச்சலிலும் எழுந்து உட்கார, வார்டே சிரித்தது.

டாக்டரம்மாவும் சிரித்தார். "மானச் சுட்டாலும் இந்தப் பூச்சி போகாதுங்க. கண்ணுக்கே தெரியாது, புதர்ல இருக்கும், எலி மேல இருக்கும். காட்டத் திறந்து விட்டா, சுடப் போறவங்களத்தான் முதல்ல கடிக்கும்."

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நுரையீரலைப் பிடித்திருக்கும், காப்பாற்றுவதே கஷ்டம் என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மருந்து கேட்டது. காய்ச்சல் விட்டுக் கஞ்சி குடிக்கிற பதத்துக்கு வந்ததும், பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். "அப்புடி என்னங்க பயம், டாக்டருகிட்டயே பொய் சொல்ற அளவுக்கு?"

"ஜெயில்ல போட்டுட்டா நீ ஒத்தையில என்ன பண்ணுவன்னுதான்…"

"செத்துப் போயிருந்தா மட்டும் கூடவா இருந்திருப்பீங்க?"

கஞ்சி டம்ளரை வாயருகில் பிடித்தபடி என்னையே பார்த்தார்.

"அட, ஆமால்ல" என்றார்.