நாலாவது தலை

கட்டட வரைபடங்களுக்கு அனுமதி வழங்கும் அலுவலகத்தில்தான் என் உத்தியோக காலம் முழுவதும் கழிந்தது. சன்னல் எத்தனை, சுவர் எத்தனை அங்குலம், கழிவுநீர் எங்கே போகிறது என்று தாளில் காட்டாத மனுவை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். ஓய்வு பெறுவதற்குச் சில நாட்களுக்கு முன்பு, எங்கள் தீவில், ஜார்ஜ் டவுனில் நான் வளர்ந்த பங்களாவின் மூலப்படத்தை எடுத்துப் பார்த்தேன். செங்கல் தூண்கள், வளைவுகள், கீழே செங்கல் சுவர், மேலே பலகைத் தரை, எல்லாம் முறையாக இருந்தன. போர்ட்டிகோவின் கூரையிலிருந்த ஓட்டை மட்டும் படத்தில் இல்லை. விதிப்படி, அப்படியோர் ஓட்டையே கிடையாது.

ரப்பருக்கு நல்ல காலமாக இருந்தபோது யாரோ ஒரு பெரிய மனிதர் கட்டிய வீடு அது. வாரிசுகள் வழக்காடிக்கொண்டிருந்ததால் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். சுவர்களின் கனத்தில் மத்தியானத்திலும் கூடம் சில்லென்றிருக்கும். யாரும் நடக்காதபோதும் மாடிப் பலகைகள் நடக்கும். மரம் வெயிலில் விரிகிறது என்று அப்பா விளக்குவார். விளக்கிவிட்டு மாடிப்படியை ஒரு தடவை பார்த்துக்கொள்வார்.

போர்ட்டிகோவுக்கு மேலிருந்த அறையின் தரையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சதுர மூடி. பித்தளை வளையத்தைப் பிடித்துத் தூக்கினால் நேர் கீழே வாசற்படி தெரியும். அந்தக் காலத்துப் பெண்கள் வந்திருப்பவர் யாரென்று பார்த்த பிறகே கதவைத் திறக்கச் சொல்வார்களாம். பார்க்கக் கிடைப்பதென்னவோ உச்சந்தலைதான்.

எங்கள் வீட்டில் அந்த ஓட்டைக்கு ஒரே ஓர் அலுவல். சித்தியைப் பெண் பார்க்க வருகிறவர்களின் தலைகளை நான் எண்ண வேண்டும். பின்படி வழியாக ஓடி அம்மாவிடம் சொல்ல வேண்டும். அம்மா அத்தனை கப் காப்பி ஊற்றுவாள். குறைந்தால் மரியாதைக் குறைவு. கூடினால் இன்னும் மோசம். "வராத ஆளுக்குக் கோப்பி ஊத்துனா, வரக்கூடாதது வந்து குடிக்கும்" என்பது அம்மாவின் சட்டம்.

அப்போது எனக்கு எட்டு வயது. சித்திக்கு முப்பது தாண்டியிருந்தது. கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமிலிருந்து ஃபெரியில் வரப்போகிறவருக்கே கொடுத்துவிடுவது என்று அப்பா முன்கூட்டியே முடிவெடுத்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வரை எடுத்து வைத்துவிட்டார். சித்தியைக் கேட்கவில்லை. அந்தப் படிவத்தில் அவளுக்கென்று ஒரு கட்டம் இல்லை.

"நல்லாப் பாருடி, முடியாவது இருக்கான்னு" என்றாள் சித்தி, புடவையைச் சரிசெய்தபடி.

"இல்லாட்டி?"

"இல்லாட்டி என்ன, சீப்பு வேணாம் லா."

சிரித்தாள். கொசுவம் மட்டும் அவள் விரல்களில் நிற்கவில்லை.

நாலு மணிக்கு மூடியைத் தூக்கிக் குப்புறப் படுத்தேன். முதலில் தரகரின் வழுக்கை. அடுத்து மாப்பிள்ளையின் படிய வாரிய தலை. பிறகு அவருடைய அம்மாவின் நரைத்த கொண்டை. கடைசியாக, சொட்டச் சொட்ட நனைந்த நீளக் கூந்தல், வகிட்டில் குங்குமம், சரிந்த மல்லிகைச் சரம். மாப்பிள்ளைக்கு ஓரடி பின்னால் வெறுங்காலுடன் நின்றாள். அன்று மழை இல்லை. மல்லிகை வாசனை மேலே வரவில்லை, குளிர்தான் வந்தது.

"நாலு" என்று அம்மாவிடம் சொன்னேன்.

கூடத்தில் மூன்று பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். நாலாவது கப் தட்டிலேயே நின்றது.

"ஏண்டி, உனக்கு எண்ணத் தெரியாதா?" என்று அம்மா எல்லோர் முன்பும் கேட்டாள்.

எண்ணிக்கையில் குறை சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பொறுக்காது. "நாலுதான். இவங்க பின்னாடியே ஒரு அக்கா வந்தாங்க. ஈரத்தலை, பூ வச்சிருந்தாங்க, வகிட்டுல குங்குமம்" என்றேன்.

"பாப்பா நல்லாக் கதை விடுது லா" என்று தரகர் சிரித்தார். மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. மாப்பிள்ளை மெதுவாகத் தன் பின்னாலிருந்த வெற்றிடத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்:

"செருப்பு போட்டிருந்துச்சா?"

"இல்ல."

"செருப்பு கெணத்தடியிலயே கெடந்துச்சு" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

"வாய மூடுடா!" என்றாள் அவருடைய அம்மா.

காப்பி ஆறுவதற்குள் மூவரும் கிளம்பிவிட்டார்கள். நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் அவருக்கு முன்பே மனைவி இருந்ததும், அவள் கிணற்றில் விழுந்து செத்துப்போனதும், அப்பா பிற்பாடு விசாரித்ததில் தெரியவந்தது. "சொல்ல மறந்துட்டேன் அண்ணே" என்றாராம் தரகர்.

அன்று மாலை யாருக்கும் இதெல்லாம் தெரியாது. அப்பா தாம்பாளத்தை உள்ளே வைத்தார். அம்மா என் நெற்றியில் திருநீறு பூசி, இனி மாடிக்குப் போகக் கூடாதென்றாள். உடனே போனேன். மூடியைத் தூக்கியபோது கீழே போர்ட்டிகோவில் சித்தி தெருவைப் பார்த்து நின்றிருந்தாள். கைகளைக் கூப்பியிருந்தாள்.

"ரொம்ப நன்றிக்கா. பாத்துப் போங்க."

சொல்லிவிட்டு, யாரோ கடந்து போக வழிவிடுவது போல ஓரடி விலகி நின்றாள்.

நான் கவனமாக எண்ணினேன். ஒரு தலைதான். இந்த வரனும் போயிற்றே என்று வீடே துக்கம் காத்துக்கொண்டிருக்கும்போது, சித்தி எதற்காக வெறும் வாசலுக்கு நன்றி சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.