கெந்திங் செம்பா ஏற்றத்தில் இறங்கியவன்

ஒருவன் சொன்ன சொல்லுக்குக் கூசி இன்னொருவன் ஒரு காரியத்தைச் செய்துவிட்டால், அந்தக் காரியம் யாருடையது? சொன்னவனுடையதா, செய்தவனுடையதா? கலியாணசுந்தரத்தின் வாழ்க்கையை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் இந்தக் கேள்விதான் வழியை மறிக்கிறது.

அவரைப் பெரிய மனிதர் என்று சொல்லிவிட முடியாது. மலாக்காவில், காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் குடியிருந்த பஸ் டிரைவர். முன்கோபி. வீட்டில் பேச்சு குறைவு. அவருக்கு இருந்தது ஒரே ஒரு பெருமை: தன் வண்டியில் வேண்டியவன், வேண்டாதவன் என்று கிடையாது. கூடப் பிறந்தவனே வந்தாலும் வரிசையில் நின்றுதான் ஏற வேண்டும். கொஞ்சம் வறட்டுப் பெருமைதான். ஆனாலும் அதை வைத்துத்தான் அவர் தலைநிமிர்ந்து நடந்தார்.

ஜப்பான்காரன் வந்ததும் பெட்ரோல் முழுவதும் ராணுவத்துக்குப் போயிற்று. பஸ்களின் முதுகில் இரும்புத் தொட்டியைக் கட்டி, கரியை எரித்து, அந்தப் புகையில் ஓட்டினார்கள். சமதரையில் எப்படியோ ஓடும். மலை என்றால் மூச்சு வாங்கும். கரி பஸ்ஸை வளைவுகளில் அணையாமல் ஏற்றத் தெரிந்தவர்கள் சிலரே. அதனால் கம்பெனி கலியாணசுந்தரத்தைக் கோலாலம்பூருக்கும் பெந்தோங், ரவுப் மலையூர்களுக்கும் நடுவே ஓடும் வண்டிக்கு மாற்றியது. மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் மலாக்கா. வந்த அன்று முழுக்கத் தூங்குவார்.

அந்தப் பாதையில் கெந்திங் செம்பா ஏற்றத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. அடிவாரத்தில் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். காலி வண்டி மட்டும் ஏறும். ஆட்கள் பின்னால் நடந்து வந்து உச்சியில் ஏறிக்கொள்வார்கள். நடுவில் நிறுத்த முடியாது. நின்றால் இஞ்சின் அணையும், வண்டி பின்னால் உருளும். பிள்ளைத்தாய்ச்சிகளும் தள்ளாதவர்களும் உட்கார்ந்து வரலாம். அவர்களைத் தவிர வண்டியில் இருப்பவர் ஒருவர்தான்: பின்படியில் நின்று தொட்டிக் கரியைக் கிளறிக்கொண்டே வருகிற ஆள்.

நாற்பத்து மூன்றாம் வருடம் நடுவில் ரவுப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில், சயாம் காட்டில் ஜப்பான்காரன் போடும் ரயில் பாதை வேலைக்குப் பெயர் எழுதத் தொடங்கினார்கள். போனவர்களைப் பற்றிக் கடிதம் எதுவும் வரவில்லை. அங்கே ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தான் தேவதாஸ், கலியாணசுந்தரத்தின் மனைவி ருக்மணியின் தம்பி. தாய் இறந்தபோது அவனுக்கு மூன்று வயது, அவளுக்குப் பதினொன்று. அவளுக்குக் குழந்தை இல்லை. அவனைத்தான் தம்பி என்றும் பிள்ளை என்றும் மாற்றி மாற்றிச் சொல்லுவாள்.

"எப்படியாவது அவன இங்க கூட்டியாந்துடுங்க," என்றாள். "நான் வேற எதுவும் கேட்டதில்ல."

உண்மைதான், அவள் கேட்டதில்லை. கலியாணசுந்தரம் மலாக்கா பஸ் கொட்டகையில் யார் யாரையோ பார்த்து, ஜப்பான் முத்திரை போட்ட வேலைச் சீட்டு ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். அது கையில் இருந்தால் சயாமுக்குப் பிடிக்க மாட்டார்கள். ஆனால் ஆள் நேரில் வந்து கைரேகை வைத்தால்தான் செல்லும். ஆக, ரவுப்பிலிருந்து மலாக்கா வரை தேவதாசைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

நல்லவேளையாக அந்த வாரம் கரி கிளறுகிற ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டார். தேவதாஸ் ரவுப்பிலேயே பின்படியில் ஏறிக்கொண்டான். வேலையாளாக வருகிறவனை வழியில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பெந்தோங் வருவதற்குள் முகம் முழுக்கக் கரி.

"மாமா, அக்கா என்னைப் பார்த்தா அடையாளம் தெரியாம வெளிய தொரத்திரப் போவுது," என்று சன்னல் வழியாகக் கத்தினான்.

"கையப் பாத்து வைடா, தொட்டி சுடும்," என்றார் அவர்.

அடிவாரத்தில் வழக்கம்போல் எல்லோரும் இறங்கினார்கள். சேதுராமன் மட்டும் படியில் நின்றுகொண்டிருந்தார். மலாக்கா பெண்டஹாரா சாலையில் துணிக்கடை வைத்திருந்தவர். துணி கிடைக்காமல் போனபின் பழைய புடவைகளைத் தோட்டங்களில் கொடுத்து அரிசி வாங்கி வருகிறவர். ஐம்பது வயது, முழங்கால் வீக்கம். நடக்கவே முடியாதவர் அல்ல. நடக்கப் பிடிக்காதவர்.

"ஏன் டிரைவர், கரி கெளறுறதுக்கு அப்படி என்ன படிப்பு வேணும்?" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "நான் கெளற மாட்டேனா? சிங்கம் மாதிரி இருக்கிற பையன் சவாரி போறான், முட்டி வீங்குனவன் நடக்கணும். மச்சான்னா சட்டம் மாறிப் போயிருமோ?"

கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, பசியோடு நடக்கப் போகிறவர்களின் சிரிப்பு.

"கலியாணசுந்தரம் வண்டியிலயா அப்படி?" என்றது ஒரு குரல். "அவரு அந்த மாதிரி ஆள் இல்லப்பா."

அந்தப் பாராட்டுதான் அவரை முடித்தது. பதில் சொல்ல எத்தனையோ இருந்தது. அவன் ரவுப்பிலிருந்தே வேலை பார்க்கிறான் என்று சொல்லியிருக்கலாம். எதுவும் சொல்லாமல் வண்டியைக் கிளப்பியிருக்கலாம். அவர் காது சிவந்தது. பின்பக்கம் போய், "இறங்குடா, அண்ணன் நிக்கட்டும்," என்றார்.

தேவதாஸ் கரிக்கோலைச் சேதுராமனிடம் கொடுத்தான். "மெதுவா கெளறுங்க அண்ணே, வேட்டி போயிரும்," என்று சொல்லிவிட்டுக் குதித்தான். கூட்டத்தில் சேர்ந்து நடந்தான். கலியாணசுந்தரம் அவனைக் கடைசியாகப் பார்த்தது கண்ணாடியில்தான். ஒரு சீனக் கிழவியின் மூட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டிருந்தான்.

பாதி ஏற்றத்தில் எதிரே ராணுவ லாரி ஒன்று வந்தது. முன்னால் இரண்டு சிப்பாய்கள், பின்பக்கம் காலி. கலியாணசுந்தரம் வண்டியை நிறுத்தாமலே மலையோரம் ஒதுக்கி, இஞ்சின் அணையாமல் பார்த்துக்கொண்டு, அதற்கு வழிவிட்டார். காலி லாரி எதற்காக வருகிறது என்று அவர் யோசிக்கவில்லை. இஞ்சினின் சத்தத்தில்தான் காது இருந்தது.

உச்சியில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். முதலில் பெண்கள் வந்தார்கள். அவர்கள் நடையைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"லாரிய நிறுத்தி ஆம்பளைங்கள ஏத்திட்டாங்க," என்றாள் ஒருத்தி. "அஞ்சு பேரு. உங்க ஆளு, 'நான் வேல செய்யிற ஆளு, பஸ்ஸு மேல நிக்குது'ன்னு கையக் காட்டிக் காட்டிச் சொன்னாரு. கேக்கல."

கலியாணசுந்தரம் கீழே ஓடினார். அடிவாரம் வரை ஓடினார். சாலையில் யாரும் இல்லை. காட்டுக்குள் எங்கோ குரங்குகள் கத்திக்கொண்டிருந்தன. திரும்ப ஏறி வர ஒரு மணி நேரமாயிற்று. சேதுராமன் கரிக்கோலைப் பிடித்தபடியே நின்றிருந்தார். தொட்டியில் நெருப்பு அணையாமல் இருந்தது.

மறுநாள் பெந்தோங்கில் விசாரித்தார். நேற்றே வடக்கே அனுப்பிவிட்டார்கள் என்றார்கள்.

அவர் மலாக்கா போய்ச் சேர்ந்தபோது ருக்மணி வாசலிலேயே நின்றிருந்தாள். அவர் பின்னால் யாரும் வரவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, தெருமுனைவரை ஒருமுறை பார்த்தாள்.

"வழியில லாரி புடிச்சிட்டுப் போயிருச்சு," என்றார்.

"நீங்க எங்க இருந்தீங்க?"

"மேல. வண்டியில."

"அவன் கரி கெளறுறவனாத்தான வந்தான்? அவன் ஏன் நடந்தான்?"

"நான்தான் இறங்கச் சொன்னேன்."

"ஏன்?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அந்த 'ஏன்' அன்று முதல் அந்த வீட்டில் மூன்றாவது ஆளாகக் குடியிருந்தது. அவள் சண்டை போடவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள். ஆனால் அவர் வீட்டில் இருக்கும் நாட்களில் பின்கட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வருடம் மாசியில், சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவன் செய்தி கொண்டுவந்தான். முகாமுக்குப் போன இரண்டாம் மாதம் தேவதாசுக்கு வாந்திபேதி. நூற்றுக்கணக்கானவர்களோடு ஒரே குழி. எரிக்க உடல் இல்லை, கரைக்கச் சாம்பல் இல்லை. ருக்மணி தம்பியின் சட்டை ஒன்றைப் பலகையில் வைத்துக் காரியம் செய்தாள். அரிசி இல்லாத காலம். வந்தவர்களுக்கு மரவள்ளிக்கிழங்கு அவித்து வைத்திருந்தது.

அன்றுதான் சேதுராமன் வந்தார். மெலிந்திருந்தார். நிலைப்படியைத் தாண்டாமல் நின்று, ருக்மணியைப் பார்த்துக் கை கூப்பினார்.

"தங்கச்சி, ஒரு வார்த்தை. அன்னிக்கு மலையில என்ன நடந்ததுன்னு உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. நான்தான்..."

ருக்மணி எழுந்து நின்றாள். எட்டு மாதமாக அவள் காத்திருந்தது இதற்குத்தான் என்று அவள் முகத்தில் தெரிந்தது. சுவரோரம் இருந்த கலியாணசுந்தரம் தலையைத் தூக்கினார். அவர் சும்மா இருந்திருந்தால் போதும். அந்தச் சுமையில் பாதி வேறொருவர் தோளுக்குப் போயிருக்கும். அவள் மறுபடி அவரோடு பேசவும் தொடங்கியிருப்பாள்.

"இவரு அன்னிக்கு என் வண்டியில வரல," என்றார்.

சேதுராமன் அவர் பக்கம் திரும்பினார். "டிரைவர்..."

"நீங்க வேற நாள நெனச்சுக்கிட்டுப் பேசுறீங்க, அண்ணே. அன்னிக்கு வந்தவங்க எல்லாரையும் எனக்குத் தெரியும்."

அது இரக்கமா, பழைய பெருமையின் கடைசித் துண்டா, அல்லது அந்தத் துயரத்தில் வேறு யாருக்கும் பங்கு கொடுக்க மனமில்லையா? அதற்குப் பின் பத்தொன்பது வருடம் உயிரோடிருந்தும் அவர் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. அன்று அவர் எழுந்துபோய், நிலைப்படியில் நின்றவரின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, பாயில் உட்காரவைத்து, ஒரு தட்டில் கிழங்கை வைத்து அவர் முன்னால் தள்ளினார்.